கம்பெனிக்குக் கடன் இருந்தா பங்கை வித்துடலாமா?

"நான் ஷேர் வெச்சிருக்கிற கம்பெனிக்கு இவ்வளவு கடன் இருக்கே, வித்துடலாமா?" அடிக்கடி கேக்குற கேள்வி இது. கடன் தொகையை மட்டும் பார்த்து இதுக்குப் பதில் சொல்ல முடியாது.

ஒரு கம்பெனி 10 கோடி ரூபாய்க்கு மெஷின் வாங்கணும். 10% வட்டிக்கு பேங்க் லோன் எடுத்தா வருஷத்துக்கு 1 கோடி வட்டி. அது செலவுக் கணக்குல வந்துடும். வரி 25%ன்னு வெச்சுக்கிட்டா 25 லட்சம் வரி மிச்சம். உண்மையான செலவு 75 லட்சம்தான். டிவிடெண்டுக்கு இந்தச் சலுகை கிடையாது. வரி கட்டின பிறகு மிஞ்சுற லாபத்துலதான் கொடுக்கணும்.

இதைவிடப் பெரிய காரணம் ஒண்ணு இருக்குன்னு நினைக்கிறேன். நம்ம நாட்டுல நிறைய கம்பெனிகள் குடும்பத்தோட கையில இருக்கு. புது பங்கு வெளியிட்டா பிடி தளரும். பேங்க் வட்டியோட நிறுத்திக்கும், லாபத்துல பங்கு கேக்காது. ஆனா அடமானம் கேக்கும். நிலம், கட்டடம் இல்லாத ஸ்டார்ட்அப் முதலீட்டாளரைத் தேடி அலையுறது அதனாலதான்.

சிக்கல் எங்கன்னா, உங்க இஎம்ஐ மாதிரி, வருமானம் வந்தாலும் வராட்டாலும் வட்டி கட்டியாகணும்.

வோடபோன் ஐடியாவைப் பாருங்க. ஸ்பெக்ட்ரம், ஏஜிஆர்னு அரசாங்கத்துக்குத் தர வேண்டிய பாக்கி மலையா சேர்ந்துச்சு. 2023 பிப்ரவரியில 16,133 கோடி ரூபாய் வட்டி பாக்கிக்குப் பதிலா, பங்கு ஒண்ணு 10 ரூபாய்னு அரசாங்கம் பங்காவே எடுத்துக்கிச்சு. சுமார் 33% அரசாங்கம் வசம் போச்சு. அதாவது 100 பங்கா இருந்தது 150 ஆன கணக்கு. 1% வெச்சிருந்தவர் கையில 0.67%தான். 2024 ஏப்ரல்ல எஃப்பிஓ மூலமா 18,000 கோடி திரட்டினாங்க. அதுலயும் பங்கு நீர்த்துப் போச்சு, ஆனா நெட்வொர்க்குக்குப் புதுப் பணம் வந்துச்சு. 2025-ல மறுபடி 36,950 கோடி பாக்கி பங்கா மாறி, அரசாங்கத்தோட பங்கு சுமார் 49% ஆயிடுச்சு. இப்படி மாத்தும்போது பாக்கி குறையும், அவ்வளவுதான். டவர் போட ஒரு பைசா வராது.

நீங்க பார்க்க வேண்டியது: வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபத்தை வட்டிச் செலவால வகுங்க. 4, 5 வந்தா நிம்மதி. 1.5-க்குக் கீழன்னா நான் தொட மாட்டேன். மின்சாரம், ரோடு கம்பெனிகளுக்கு இது பொதுவா கம்மியாதான் இருக்கும், அதே துறையில இன்னொரு கம்பெனியோட ஒப்பிடுங்க. பேங்குக்கு மட்டும் இந்தக் கணக்கைப் போடாதீங்க. அவங்களுக்குக் கடன்தான் சரக்கே!