உலைக்குப் போகாத பொன்

அன்புள்ள வாசகருக்கு,

வாடெஸ்டன் கொடையைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, "கொடுப்பவர் கொடுத்துவிட்டுப் போகவேண்டியதுதானே, நிபந்தனை எதற்கு? இது பணக்காரரின் அகந்தை அல்லவா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஓவியங்களைப் பற்றிய பேச்சென்றால் ஒருவேளை ஒப்புக்கொண்டிருப்பேன். உலோகத்தின் கதை வேறு.

ஃபெர்டினாண்ட் டி ராத்சைல்ட் 1898 டிசம்பரில் இறந்தார். பக்கிங்காம்ஷயரில் தாம் கட்டிய வாடெஸ்டன் மாளிகையின் புகைபிடிக்கும் அறையில் சேர்த்து வைத்திருந்த ஏறத்தாழ 300 பொருட்களை பிரிட்டிஷ் மியூசியத்துக்கு உயில் எழுதியிருந்தார். வெள்ளிக் கிண்ணங்கள், எனாமல் வேலைகள், நகைகள், இரும்பைப் புடைத்தெடுத்துப் பொன் பதித்து 1554இல் ஜியார்ஜியோ கிஸி செய்த கேடயம் எல்லாம் அதில் உண்டு. இவை என்றென்றைக்கும் தனியறையில், மற்றவற்றோடு கலக்காமல் இருக்கவேண்டும் என்பதே அவர் நிபந்தனை. 1900இல் அறை திறந்தது. பிறகு இடம் மாறியதே தவிர, தொகுப்பு சிதறவில்லை.

ஓவியத்தை அழித்தால் யாருக்கும் காசு கிடைக்காது. பொன்னை உருக்கினால் அன்றைக்கே கிடைக்கும். போருக்குப் பணம் வேண்டியபோது ஐரோப்பிய அரசர்கள் பலமுறை கைவைத்தது இத்தகைய பொற்பாத்திரங்களில்தான். அதனால்தான் இத்தொகுப்பில் உள்ள புனித முள் பேழையைப் பார்க்கும்போது, இது எப்படித் தப்பியது என்று முதலில் வியப்பு வருகிறது. 1400 வாக்கில் பாரிஸில், பெர்ரி கோமகன் ஜானுக்காகச் செய்தது. உயரம் ஓர் அடிதான். இயேசுவின் முள்முடியைச் சேர்ந்ததாக நம்பப்பட்ட ஒரே முள்ளுக்காக இத்தனை பொன், முத்து, மாணிக்கம்! அடியில் தேவதூதர்கள் எக்காளம் ஊத, பச்சை எனாமல் குன்றில் இறந்தவர்கள் சவப்பெட்டிகளிலிருந்து எழுகிறார்கள். விரல் நீளமில்லாத அந்த உடல்களைப் பொன்னில் வடித்து, மேலே வெள்ளை எனாமல் பூசிச் சுட்டெடுத்த பொற்கொல்லர்களின் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை.

பேழை ஒரு காலத்தில் வியன்னாவில், அரச கருவூலத்தில் இருந்தது. 1860களில் பழுதுபார்க்கப் போனபோது, சாலமன் வைனிங்கர் என்பவர் நகல் செய்து அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அசலை விற்றுவிட்டார். அது ஃபெர்டினாண்டின் தந்தை ஆன்செல்மிடம் வந்து சேர்ந்தது. கருவூலம் பல பத்தாண்டுகள் நகலையே காத்தது. 1959இல் வல்லுநர்கள் இரண்டையும் அருகருகே வைத்து ஆராய்ந்த பிறகே லண்டனில் இருப்பதே அசல் என்று முடிவானது. பேழை இன்னொரு மாளிகையின் அலமாரிக்குப் போயிருந்தால் இந்த ஒப்பீடு நடந்திருக்குமா?

அதே தொகுப்பில் மறுமலர்ச்சிக் காலத்தவை என்று நம்பி வாங்கிய சில நகைகள் 19ஆம் நூற்றாண்டு வேலை என்றும் பின்னால் தெரியவந்தது. நிபந்தனையால் அவையும் அங்கேயே இருக்கின்றன. பெரும் செல்வர் ஒருவரின் கண்ணையே ஏமாற்றிய கைத்திறனை அசலோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறதே, அது எனக்குப் பெரிய லாபமாகத் தோன்றுகிறது.

உங்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அதே மியூசியத்தின் மற்ற இடைக்காலப் பொருட்களுக்கு நடுவே இந்தப் பேழையை நிரந்தரமாக நிறுத்திப் பார்க்க வழியில்லை. அது உண்மையான இழப்பு. ஆனாலும் உருகிப்போனவற்றை நினைக்கும்போது, இந்த இழப்பை நான் மனதார ஏற்கிறேன்.

அன்புடன்,
கட்டுரையாளர்