ஆடுவதா, ஆக்குவதா?



"பிள்ளை கணினியில் விளையாடியே படிப்பைக் கெடுக்கிறான்" என்ற முறைப்பாட்டை கல்முனைக் கரையோர வீடுகளில் இன்று அடிக்கடி கேட்கிறோம். முறைப்பாடு நியாயமானதே. ஆயினும், பிறர் செய்த விளையாட்டை ஆடுவது வேறு, ஒரு விளையாட்டைத் தானே ஆக்குவது வேறு. ஆக்குகின்ற பிள்ளை செய்நிரல் எழுதப் பழகுகிறது.

செய்நிரல் என்பது யாது?

மருதமுனைத் தறியின் முன் சற்று நின்று பாருங்கள். எந்த மிதிகட்டையை எப்போது மிதிப்பது, எத்தனை இழைக்குப் பின் நிறத்தை மாற்றுவது என்ற ஒழுங்கே துணியில் கோலமாகிறது. 1804-இல் பிரான்சில் ஜக்கார்ட் என்பவர் அவ்வொழுங்கைத் துளையிட்ட அட்டைகளாகத் தறிக்குக் கொடுத்தார். பின்னர் சார்ல்ஸ் பாபேஜ் தாம் திட்டமிட்ட கணிப்பொறிக்கு அவ்வட்டை முறையையே எடுத்துக்கொண்டார். செய்நிரலும் இத்தகைய கட்டளை ஒழுங்கேயாகும்.

இதைச் சிறுவருக்குக் கற்பிக்கவே, அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மிச்சல் ரெஸ்னிக் குழுவினர் 2007-இல் 'ஸ்கிராட்ச்' என்பதை வெளியிட்டனர். 2013 முதல் இணைய உலாவியிலேயே இதில் ஆக்கவேலை செய்யலாம். கட்டணம் இல்லை. கட்டளைகள் வண்ணக் கட்டைகளாக இருக்கும். அவற்றைப் பொருத்தினால் போதும்.

ஓர் எடுத்துக்காட்டு

நான்கு பிள்ளைகள் 'வள்ளமும் மீனும்' என்றொரு விளையாட்டை ஆக்குவதாகக் கொள்வோம். ஒருவர் படம் வரைகிறார். ஒருவர் அம்புக்குறி விசையால் வள்ளத்தை நகர்த்துகிறார். இன்னொருவர், "மீன் வள்ளத்தில் பட்டால் புள்ளியை ஒன்றால் கூட்டு" என்ற கட்டளையை அமைக்கிறார். நான்காமவர் ஆடிப் பார்த்துப் பிழை தேடுகிறார்.

முதல் ஆட்டம் சரியாக வருகிறது. இரண்டாம் ஆட்டமோ பழைய புள்ளியிலிருந்தே தொடங்குகிறது. ஏன்? தொடக்கத்தில் புள்ளியைப் பூச்சியமாக்கும்படி எவரும் சொல்லவில்லை. சொல்லாததைக் கணினி செய்யாது. ஒரு கட்டையைச் சேர்த்ததும் பிழை தீர்கிறது. இங்கே பிழைக்காக அடி விழவில்லை, சிவப்பு மையில் கோடும் விழவில்லை. பிழையே ஆசிரியராகிவிட்டது அன்றோ?

கூடி ஆக்குதல்

நால்வரும் ஒரே அறையில் இருக்க வேண்டியதில்லை. ஒருவர் தம் ஆக்கத்தை இணையத்தில் பகிர்ந்தால், மற்றவர் அதைத் திறந்து, உள்ளிருக்கும் கட்டளைகளைப் படித்து, தம் பங்கைச் சேர்த்து வெளியிடலாம். முதலில் ஆக்கியவருக்கான நன்றிக்குறிப்பு தானாகவே பதிவாகிறது.

நம் பகுதியில் இதன் பயன் பெரிது. தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே மொழி பேசியும் பெரும்பாலும் வெவ்வேறு பாடசாலைகளில் படிக்கிறார்கள். 2004 மார்கழியில் கடல் பொங்கியபோது ஒரே அலைதான் எல்லார் வீட்டையும் அடித்தது. ஒரே கடலை வைத்து நம் பிள்ளைகள் ஒரு விளையாட்டையேனும் சேர்ந்து ஆக்கக்கூடாதா? அடுத்த தெருப் பிள்ளையின் பிழையைத் திருத்திக் கொடுத்தவன் அவனை அந்நியனாக எண்ணுவது கடினம்.

ஓர் எச்சரிக்கை: பதிவு செய்யும்போது பிள்ளையின் உண்மைப் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் எவற்றையும் பிறர் பார்க்கும்படி இட விடாதீர்கள். அருகில் இருங்கள்.

இன்று மாலை பிள்ளையிடம் கேளுங்கள்:

1. நீ ஆடும் விளையாட்டில் புள்ளி எப்போது கூடுகிறது?
2. அக்கட்டளையைத் தமிழில் ஒரு வரியில் எழுத முடியுமா?
3. அதை யாரோடு சேர்ந்து ஆக்க விரும்புகிறாய்?

மூன்றாம் கேள்விக்கு வரும் பெயர் எந்த வீட்டுப் பிள்ளையுடையதாயினும், "கூட்டி வா" என்று சொல்லுங்கள்.