பாதி மூடிய தொட்டிக்கு இன்னும் எத்தனை நாள்?

பனியன் மொத்தக் கடைகள் நெருக்கமாக நிற்கும் திருப்பூர் காதர்பேட்டையில் எங்கள் வீடு. பின்கட்டில் நான்கு மீட்டர் நீளமும் இரண்டரை மீட்டர் அகலமும் உள்ள சிமெண்டுத் தொட்டி ஒன்று உண்டு. அதில் அல்லியும் சில மீன்களும் வளர்த்து வந்தேன். ஊதா நிறப் பூவின் அழகில் மயங்கி, ஒரு குளக்கரையிலிருந்து ஒரே ஒரு வெங்காயத்தாமரைச் செடியைக் கொண்டுவந்து அதில் மிதக்கவிட்டேன். நாலைந்து மாதம் சென்றபின், ஒரு விடியற்காலையில் மீன்கள் நீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடின. இயற்பியல் கற்பிக்கும் நான் ஒரு எளிய கணக்கைப் போடத் தவறியதே காரணம். அந்தக் கணக்கை இப்போது போடுவோம்.

இச்செடியின் தாயகம் தென் அமெரிக்கா. நம்மூரில் பலர் இதனை ஆகாயத்தாமரை என்றும் அழைப்பர். தாய்ச்செடியிலிருந்து ஓடுதண்டு நீண்டு, அதன் நுனியில் சேய்ச்செடி தோன்றும். வெப்பமும் சத்தும் மிகுந்த நீரில் ஒன்றிரண்டு வாரங்களிலேயே இது இருமடங்காகிவிடும். நாம் பத்து நாள் என்று கொள்வோம்.

ஒரு செடி 100 சதுர சென்டிமீட்டர் இடத்தை அடைப்பதாக வைத்துக்கொண்டால், 10 சதுர மீட்டர் தொட்டிக்குச் சுமார் 1,000 செடிகள் போதும். 1, 2, 4, 8 என்று இரட்டித்துச் செல்லுங்கள். பத்தாவது இரட்டிப்பில் 1,024 வந்துவிடும். அதாவது 100 நாள். ஆனால் 70ஆம் நாளில் தொட்டியில் எட்டில் ஒரு பங்குதான் மூடியிருக்கும். 'இன்னும் நிறைய இடம் இருக்கிறதே' என்று நாம் வாளா இருப்போம். 90ஆம் நாளில் பாதி. அடுத்த பத்தே நாளில் முழுவதும்!

சரி, மீன்கள் ஏன் திணறின? நீரில் கரையும் ஆக்சிஜன் மிகக் குறைவு. 30 டிகிரி செல்சியசில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம்தான் கரையும். ஒரு லிட்டர் காற்றிலோ சுமார் 270 மில்லிகிராம் இருக்கிறது. அரை மீட்டர் ஆழமுள்ள எங்கள் தொட்டியின் கொள்ளளவு 5,000 லிட்டர். அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் மொத்தம் 37 கிராம். இது வெறும் 140 லிட்டர் காற்றில் உள்ள அளவே! இலைப்போர்வை மூடியதும் ஒளி உள்ளே புகாது. நீருக்குள் வாழும் பாசிகள் ஆக்சிஜன் தருவது நின்றுவிடும். வெங்காயத்தாமரையின் இலைகள் வெளியிடும் ஆக்சிஜனோ காற்றில் கலந்துவிடுகிறது. காற்று நீரைத் தொடும் பரப்பும் குறைகிறது. இரவு முழுவதும் செலவு, வரவோ இல்லை. ஆகவேதான் விடியற்காலையில் மூச்சுத்திணறல்.

மருந்து தெளித்துக் கொன்றுவிடலாமா? கூடாது. இச்செடியின் எடையில் சுமார் 95 விழுக்காடு நீர். மீதியுள்ள உலர்பொருள் ஒரு கிராம் மக்குவதற்கு ஏறக்குறைய ஒரு கிராம் ஆக்சிஜன் வேண்டும். அப்படியானால் ஒரு கிலோவுக்கும் குறைவான பச்சைச்செடி நீரிலேயே அழுகினால், தொட்டியின் ஆக்சிஜன் முழுவதும் தீர்ந்துவிடும். செடியை வெளியே எடுப்பதே வழி.

எவ்வளவு எடுப்பது? 100க்கு 99 செடிகளை எடுத்து, 10 செடிகளை மட்டும் விட்டால் எழுபதே நாளில் பழைய நிலை திரும்பும். பத்து நாளுக்கொரு முறை பாதியை எடுத்தால், அளவு அப்படியே நிற்கும். முக்கால் பங்கை எடுத்தால், ஒவ்வொரு சுற்றிலும் பாதியாகக் குறைந்துகொண்டே போகும். களையின் வேகத்தைவிட நம் கை முந்த வேண்டும், இதுவே சூத்திரம். பூக்குமுன் எடுப்பது இன்னும் நல்லது. ஏனெனில் விதைகள் சேற்றில் 15 ஆண்டுகளுக்கு மேலும் உயிருடன் கிடக்கும். சோப்பு நீர், எரு முதலியவை தொட்டியில் சேராமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். அவையே களைக்கு உணவு.

இந்தப் போராட்டம் பழையது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்தில் அழகுச் செடியாக நுழைந்து, நெல்வயலையும் படகுப் பாதையையும் அடைத்தது. 1921இல் இதனை ஆராய அமைந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் நம் இயற்பியல் மேதை ஜகதீச சந்திர போஸ். 1936இல் இதனை ஒழிக்க வங்காளத்தில் தனிச் சட்டமே இயற்றினர். 1980களில் பெங்களூர் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம், இச்செடியைத் தின்னும் நியோகெடினா என்னும் கூன்வண்டுகளைத் தருவித்துப் பரப்பியது. வண்டுகள் பலன் தரச் சில ஆண்டுகள் ஆகும். ஏரிக்கு அது ஏற்றது. வீட்டுத் தொட்டிக்குக் கைகளே போதும்.

எடுத்த செடிகளைச் சாக்கடையில் எறிந்துவிடாதீர்கள். நம் சாக்கடை நொய்யலில் போய்ச் சேரும்; அங்கே ஒன்று ஆயிரமாகும். வெயிலில் நன்றாகக் காயவைத்து, சாணம் கலந்து மக்கவிட்டால் நல்ல உரம் கிடைக்கும். நான் அப்படித்தான் செய்தேன். மீன்களும் பிழைத்தன.

செய்து பாருங்கள்: செடியின் உப்பிய காம்பு ஒன்றை நீருக்கடியில் வைத்து நறுக்கி, விரலால் அழுத்துங்கள். குமிழிகள் வரும். செடி மிதக்கும் இரகசியம் என்னவென்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்!