சரிவில் நிற்கும் மரத்தை அளக்க

ஜவ்வாது மலையில் சமதரை குறைவு. மரக் கணக்கெடுப்பில் இங்கே பிசகுவதெல்லாம் பெரும்பாலும் சரிவை மறந்ததால்தான். காப்புக்காட்டுக்குள் போவதென்றால் வனத்துறை அனுமதி முதலில். பழகிப் பார்க்க ஜமுனாமரத்தூர்ப் பக்கம் ஒரு பட்டா நிலத்துப் புளியமரம் போதும், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு.

30 மீட்டர் டேப், தையற்காரர் டேப், திசைகாட்டி, கோணம் காட்டும் கிளைனோமீட்டர், சாக்பீஸ், பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். பேனா வேண்டாம், பனியில் மை ஊறிவிடும். 1.37 மீட்டருக்கு ஒரு மூங்கில் குச்சியும் வெட்டிக்கொள்ளுங்கள்.

அளக்கும் இடத்தை வரைபடத்தில் முன்கூட்டியே குறித்துவிட வேண்டும். போன இடத்தில் நல்ல மரங்கள் கூடி நிற்பது கண்ணை இழுக்கும். இழுபடாதீர்கள். புள்ளி முட்புதரில் விழுந்தாலும் அங்கேதான் அளக்க வேண்டும்.

இந்திய வன அளவைத் துறை நெடுங்காலம் பயன்படுத்திய 0.1 ஹெக்டேர் சதுரம் பழகுவதற்கு எளிது. நடுப்புள்ளியிலிருந்து வடகிழக்கு, தென்கிழக்கு, தென்மேற்கு, வடமேற்கு என நான்கு பக்கமும் 22.36 மீட்டர் போனால் நான்கு மூலைகள். ஆனால் இது கிடைமட்டத் தூரம். 30 டிகிரி சரிவில் டேப்பைத் தரையோடு போட்டால் 25.82 மீட்டர் போக வேண்டும். கணக்குப் போடத் தயங்கினால், இருவர் டேப்பை மட்டமாகப் பிடித்து, படிக்கட்டு இறங்குவதுபோல் துண்டு துண்டாக அளக்கலாம்.

அடுத்து சுற்றளவு. குச்சியை மரத்தின் மேட்டுப் பக்கம் ஊன்றுங்கள். பள்ளத்துப் பக்கம் ஊன்றினால் மரம் பருத்துத் தெரியும். குச்சி முனையில் சாக்பீஸ் கோடு. பட்டையில் ஒட்டிய கொடியையும் பாசியையும் கையால் விலக்கிவிட்டு, டேப்பை அடிமரத்துக்குச் செங்குத்தாகச் சுற்றுங்கள். பின்பக்கம் டேப் இறங்கியிருக்கிறதா என்று ஒருவர் சுற்றிவந்து பார்க்கட்டும். சுற்றளவை 3.14ஆல் வகுத்தால் விட்டம். 31.4 செ.மீ. சுற்றளவு என்றால் 10 செ.மீ. விட்டம்; அதற்குக் குறைந்தவை இந்தச் சதுரத்தில் சேராது. குச்சி முனைக்குக் கீழேயே கவைத்த மரம் இரண்டு மரமாகவும், மேலே கவைத்தது ஒன்றாகவும் கணக்கு. அந்த இடத்தில் முண்டு இருந்தால் அதற்குச் சற்று மேலே அளந்து, குறிப்பில் எழுதுங்கள்.

உயரம் பார்க்கச் சரிவுக்குக் குறுக்கே நகர்ந்து, மரத்தடியோடு ஒரே மட்டத்தில் 20 மீட்டர் தள்ளி நில்லுங்கள். உச்சி 35 டிகிரி மேலே, அடி 5 டிகிரி கீழே என்றால், அவற்றின் டேஞ்சன்ட் 0.70, 0.09. கூட்டி 20ஆல் பெருக்கினால் 15.8 மீட்டர்.

சதுரம் போட நேரமில்லாதபோது ஆஸ்திரிய வனவியலாளர் பிட்டர்லிஷ் 1948இல் வெளியிட்ட முறை உதவும். 2 செ.மீ. அகல அட்டையை ஒரு மீட்டர் நூலில் கட்டிக் கண்ணெதிரே பிடித்து ஒரு சுற்றுச் சுற்றுங்கள். அட்டையைவிட அகலமாகத் தெரியும் மரங்களை மட்டும் எண்ணுங்கள். பன்னிரண்டு என்றால் ஹெக்டேருக்கு 12 சதுர மீட்டர் அடிமரக் குறுக்குவெட்டுப் பரப்பு. சமதரையில் இது அப்படியே பொருந்தும். சரிவில் திருத்தம் வேண்டும்.

மரத்தின் பெயரைக் கூட வரும் மலைவாசிப் பெரியவர் சொன்னபடியே முதலில் எழுதுங்கள். ஒன்று மட்டும் வேண்டிக்கேட்கிறேன்: சந்தன மரம் பதிவானால் அது நிற்கும் இடத்தை வனத்துறையைத் தவிர யாருக்கும் சொல்லாதீர்கள், படமும் பகிராதீர்கள்.