சூடு மிஞ்சும் ஹீட்டர்: வீட்டுக்கும் கடைக்கும் ஒரு பாடம்

சாமானை விற்றுக் காசை வாங்கியதோடு நம் பொறுப்பு தீர்ந்தது என்று நாம் எண்ணுவதுண்டு. அப்படி எண்ணியிருந்த நமக்கு ஒரு பிளக்கு பாடம் சொல்லிக் கொடுத்தது. அதை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

குவீன்ஸ்டவுனில் அடுக்கு வீட்டின் கீழே நம் சிறு கடை. ஒரு நாள் வாடிக்கைக்காரரான பெரியவர் ஒருவர் வந்து, 13 ஆம்பியர் பிளக்கு ஒன்றும் அடாப்டர் ஒன்றும் கேட்டார். எடுத்துக் கொடுத்தோம். எதற்கு என்று கேட்கவில்லை. மூன்று வாரம் கழித்து அதே பிளக்கைக் காகிதத்தில் பொதிந்து கொண்டுவந்தார். ஒரு முனையைச் சுற்றிப் பிளாஸ்டிக் கருகி உருகியிருந்தது.

"தம்பி, சுபுஹுக்கு ஒளுச் செய்ய எழுந்தால் வீடெல்லாம் கருகல் வாடை. தொட்டுப் பார்த்தேன், விரல் சுட்டுவிட்டது" என்றார்.

"நானா, இதில் எதை மாட்டியிருந்தீர்கள்?"

"குளிக்கிற ஹீட்டரை. அதன் சுவிட்சு கெட்டுப்போனது. அடுப்படிச் சாக்கெட்டில் மாட்டிக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னார். சோற்றுப் பானையும் அதே அடாப்டரில்தான்."

யாருக்கும் தீங்கில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வீட்டில் பேரப்பிள்ளைகள் உறங்கிக்கொண்டிருந்தார்கள் என்று அவர் சொன்னபோது நமக்கு நெஞ்சு திக்கென்றது. விற்கும்போதே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இது நேர்ந்திராது.

பிளக்கு ஏன் சுட்டது?

இங்கே வீட்டு மின்சாரம் 230 வோல்ட். 3000 வாட் ஹீட்டர் ஏறக்குறைய 13 ஆம்பியர் இழுக்கும். அதாவது பிளக்கு தாங்கக்கூடிய எல்லையிலேயே அது நிற்கிறது. 700 வாட் சோற்றுப் பானையும் சேர்ந்தால் இன்னும் 3 ஆம்பியர் கூடும். அடாப்டர் எல்லை மீறிவிடும்.

இதைவிட முக்கியமான சங்கதி ஒன்று. பிளக்கின் முனை சாக்கெட்டில் இறுகப் பிடிக்காவிட்டாலும், உள்ளே திருகாணி தளர்ந்திருந்தாலும், அந்த இடத்தில் மின்சாரத்துக்குத் தடை உண்டாகிறது. தடை ஒரு ஓமில் பத்தில் ஒரு பங்கே என்று வைத்துக்கொள்வோம். 13 ஆம்பியர் ஓடும்போது அந்தப் பொட்டு இடத்தில் 17 வாட் சூடு பிறக்கும். எரிகிற 15 வாட் குண்டு பல்பைத் தொட்டவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். மின்னோட்டம் இரு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும் என்பதும் கணக்கு.

"பியூஸ் இருக்கிறதே, போகாதா?" என்று கேட்கலாம். போகாது. மின்னோட்டம் அளவு மீறினால்தான் பியூஸ் உருகும். தளர்ந்த இணைப்பில் மின்னோட்டம் மிகுவதில்லை, சூடுதான் மிகுகிறது. ஆகவே காவல்காரன் விழித்திருக்கும்போதே வீடு எரியக்கூடும்.

சூடு எங்கே என்று பாருங்கள்

ஹீட்டர் மிதமிஞ்சிச் சுடுகிறது என்றால், முதலில் சூடு எந்த இடத்தில் என்று பிரித்தறிய வேண்டும்.

1. பிளக்கு, சுவிட்சு, ஒயர் சுட்டால்: பழுப்பு நிறம், கருகல் வாடை, சடசடப்பு ஆகியவை அடையாளம். உடனே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, உரிமம் பெற்ற மின் ஊழியரை அழைக்க வேண்டும். தண்ணீர் ஹீட்டரைப் பிளக்கில் மாட்டலாகாது. அதற்கென்று தனி ஒயர் இழுத்து, குளியலறைக்கு வெளியே இரு கம்பியையும் துண்டிக்கும் சுவிட்சோடு நிலையாக இணைக்க வேண்டும்.

2. உடனடி ஹீட்டரில் தண்ணீர் மட்டும் சுட்டால்: முதலில் ஓட்டத்தைப் பாருங்கள். 3300 வாட் ஹீட்டரில் 28 டிகிரித் தண்ணீர் நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடினால் 44 டிகிரியாக வரும். 2 லிட்டராகக் குறைந்தால் 52 டிகிரி. 1 லிட்டரானால் 75 டிகிரி! அநேக சமயம் ஹீட்டரில் பழுதே இராது. பூவாளியின் துளைகளோ வடிகட்டியோ அடைத்திருக்கும். பூவாளியைக் கழற்றிக் கழுவிப் பார்க்கலாம். பிறகும் சுட்டால் பழுது உள்ளே இருக்கிறது.

3. தொட்டி ஹீட்டரில் தண்ணீர் கொதித்தால்: தொட்டிக்குள் இருக்கும் தெர்மோஸ்டாட் என்னும் வெப்பக் கட்டுப்பாடு, தண்ணீர் போதிய சூடானதும் மின்சாரத்தை நிறுத்தும். 3000 வாட் ஹீட்டர் 15 லிட்டர்த் தண்ணீரை 28-லிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 11 நிமிடம் போதும். அரைமணி ஆகியும் விளக்கு அணையவில்லை, குழாயில் ஆவி அடிக்கிறது என்றால் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டது என்று சந்தேகிக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு காப்புத் துண்டிப்பானும் உண்டு. அது அடிக்கடி விழுந்தால், திரும்பத் திரும்ப அழுத்தி எழுப்பாதீர்கள். பழுது இருப்பதை அது சொல்கிறது. சூடேறும் நேரத்தில் பாதுகாப்பு வால்வு கொஞ்சம் சொட்டுவது இயல்பே. தண்ணீர் சூட்டில் விரிகிறது. ஓயாமல் சொட்டினால் ஆளை அழையுங்கள். எக்காரணத்தாலும் வால்வின் வாயை அடைக்கலாகாது. அடைத்தால் தொட்டி வெடிக்கவும் கூடும்.

60 டிகிரித் தண்ணீர் சில வினாடிகளில் தோலைச் சுட்டுவிடும். பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் இன்னும் விரைவில். அவர்களைக் குளிக்க விடுமுன் நம் கையை நனைத்துப் பார்ப்பது நல்லது.

பழைய வீட்டுக்காரர்களுக்கு

எலிசபெத் ராணியின் முடிசூட்டையொட்டி 1953-ல் பெயர் பெற்ற நகரம் நம் குவீன்ஸ்டவுன். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960-ல் பிறக்குமுன்பே இங்கே அடுக்கு வீடுகள் எழுந்துவிட்டன. புதிய வீடுகளில் மின்கசிவைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவி கட்டாயமானதோ 1985-ல்தான். எல்லா வீடுகளிலும் அது இருக்க வேண்டும் என்ற விதி 2023 ஜூலையில் வந்தது. பழைய வீடுகளுக்கு 2025 ஜூலை 1 வரை தவணை தரப்பட்டது. உங்கள் வீட்டுப் பலகையில் அது இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அதிலுள்ள சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள்.

ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். அக்கருவி மின்கசிவிலிருந்து உயிரைக் காக்கும். தளர்ந்த பிளக்கின் சூட்டை அது அறியாது. அதற்கு நம் கண்ணும் மூக்கும்தான் காவல். தீப்பற்றினால், எட்டுமானால் மெயினை அணைத்து, தண்ணீர் ஊற்றாமல், எல்லாரையும் வெளியேற்றி 995-க்கு அழையுங்கள்.

கடைக்காரருக்குரிய படிப்பினை

அன்று முதல் நம் கடையில் ஒரு வழக்கம். பிளக்கு, அடாப்டர், நீட்டிப்பு ஒயர் கேட்பவரிடம் மூன்று கேள்வி கேட்கிறோம்: எந்தச் சாமானுக்கு? எத்தனை வாட்? எவ்வளவு நேரம் ஓடும்? ஹீட்டருக்கு என்றால் பிளக்கு விற்பதில்லை. மின் ஊழியரை அழைக்கச் சொல்கிறோம். பாதுகாப்பு முத்திரை இல்லாத அடாப்டரை, விலை எவ்வளவு மலிவானாலும், அலமாரியில் வைப்பதில்லை.

இதனால் சில வெள்ளி வியாபாரம் போகத்தான் செய்கிறது. போகட்டும். அந்தப் பெரியவரிடம் பிளக்கின் விலையைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் வாங்க மறுத்துவிட்டார். "காசு வேண்டாம் தம்பி, அடுத்து வருகிறவனிடம் கேட்டுவிட்டுக் கொடு" என்றார். உருகிய பிளக்கு இன்றும் நம் கல்லாப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. அவசரமாக வருகிற வாடிக்கைக்காரருக்கு அதைக் காட்டுகிறோம். அவசரப்படும் நமக்கும் அதுவே நினைவூட்டு.