எரிந்தது டீசல் கார்

2023 அக்டோபர் 10ஆம் தேதி இரவு, லண்டனுக்கு வடக்கே உள்ள லூட்டன் விமான நிலையத்தின் அடுக்குமாடி வாகன நிறுத்தத்தில் ஒரு கார் தீப்பற்றியது. விடிவதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கார்கள் கரிக்கட்டையாகிவிட்டன. கட்டடத்தின் ஒரு பகுதியும் இடிந்து விழுந்தது. நெருப்பு அணைவதற்கு முன்பே “மின்சார கார்தான் காரணம்” என்ற பேச்சு சமூக ஊடகங்களில் ஊர் ஊராகச் சுற்றிவிட்டது. முதலில் எரிந்தது டீசல் கார் என்று தீயணைப்புத் துறை விளக்கம் சொன்னது. அதைப் பகிரத்தான் ஆள் இல்லை.

2024இல் உலகெங்கும் விற்ற புதிய கார்களில் ஐந்தில் ஒன்றுக்கும் மேல் சார்ஜ் ஏற்றி ஓட்டுபவை. இத்தனை பெரிய மாற்றம் வரும்போது வதந்தியும் ஒட்டிக்கொண்டு வருவது இயல்பே. எதிர்ப்பவர்களிடம் மட்டுமல்ல, ஆதரிப்பவர்களிடமும் கட்டுக்கதைகள் உண்டு. இரண்டு தரப்பையும் ஒரே தராசில் நிறுப்போம்.

நம்பிக்கை 1: மின்சார கார் எப்போது வேண்டுமானாலும் தீப்பிடிக்கும்

உண்மை: ஸ்வீடன் அரசின் பேரிடர் பாதுகாப்பு முகமை 2022ஆம் ஆண்டுக்குக் கணக்கெடுத்தது. சார்ஜ் ஏற்றி ஓட்டும் கார்கள் சுமார் 6 லட்சம். அவற்றில் தீப்பிடித்தவை 23. பெட்ரோல், டீசல் கார்கள் சுமார் 44 லட்சம்; தீப்பிடித்தவை ஏறத்தாழ 3,400. விகிதமாகப் பார்த்தால் ஏறக்குறைய இருபது மடங்கு வித்தியாசம். மின்சார கார்கள் பெரும்பாலும் புதியவை, பழைய வண்டிகளே அதிகம் எரியும் என்பதைக் கழித்துப் பார்த்தாலும் பயத்துக்கு ஆதாரம் இல்லை.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. லித்தியம் பேட்டரி பற்றிக்கொண்டால் அணைப்பது கடினம். அணைந்ததாக நினைத்தது மணிக்கணக்கு கழித்து மறுபடி பற்றும். 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் எரிந்த விபத்தில் ஒரு தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். அந்த ஆண்டு நடந்த இத்தகைய விபத்துகளுக்குப் பிறகுதான் மத்திய அரசு பேட்டரிப் பாதுகாப்பு விதிகளை இறுக்கியது. வாசலை அடைத்துக்கொண்டு, தூங்கும் அறையை ஒட்டி வண்டியைச் சார்ஜ் போடுவதைத் தவிர்ப்பது நம் கையில் இருக்கிறது.

நம்பிக்கை 2: நிலக்கரியை எரித்துத்தானே மின்சாரம்? அப்புறம் என்ன பசுமை?

உண்மை: நியாயமான கேள்வி. இந்திய மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலக்கரியிலிருந்தே வருகிறது. இருந்தும் கணக்கு மின்சார கார் பக்கமே சாய்கிறது. பெட்ரோல் எஞ்சின், ஊற்றும் எரிபொருளில் கால் பங்கு அளவைத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கிறது. மிச்சம் வெப்பமாக வீணாகிறது. மோட்டாரில் அந்த விரயம் மிகக் குறைவு. சுரங்கத்தில் தொடங்கிக் காயலான் கடை வரை ஒரு காரின் ஆயுள் முழுவதையும் கணக்கிட்டு ஐசிசிடி என்ற சர்வதேச ஆய்வு அமைப்பு 2021இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன்படி, நடுத்தர மின்சார கார் பெட்ரோல் காரைவிட வெளியிடும் பசுங்குடில் வாயு ஐரோப்பாவில் 66 முதல் 69 சதவீதம் குறைவு. இந்தியாவில் 19 முதல் 34 சதவீதம் குறைவு.

அதே வண்டி, இரண்டு ஊர், இரண்டு விடை. கார் எவ்வளவு சுத்தம் என்பதை அதற்குச் சோறு போடும் மின் நிலையமே தீர்மானிக்கிறது. நார்வே தன் மின்சாரத்தைப் பெரும்பாலும் அருவிகளிலிருந்தும் அணைகளிலிருந்தும் எடுக்கிறது. அங்கே லாபம் மிக அதிகம். இங்கே காற்றாலையும் சூரிய ஒளியும் பெருகப் பெருக, இன்று வாங்கிய மின்சார காரும் வருடா வருடம் சுத்தமாகும். பெட்ரோல் காருக்கு வயதானால் புகைதான் கூடும்.

நம்பிக்கை 3: மின்சார காரால் மாசே கிடையாது

உண்மை: இது ஆதரவாளர்களின் கட்டுக்கதை. புகைக்குழாய் இல்லை என்பதால் புகையே இல்லை என்று ஆகிவிடாது. சென்னை தியாகராய நகரில் குறையும் புகையில் ஒரு பங்கு அத்திப்பட்டு, எண்ணூர்வாசிகளின் மூச்சில் போய்ச் சேர்கிறது. அனல்மின் நிலையங்களின் சாம்பலை அவர்கள்தாம் சுமக்கிறார்கள். டயர் தேய்ந்து பறக்கும் தூசும் போகாது. பேட்டரியின் கனத்தால் சற்றுக் கூடவும் செய்யும்.

பேட்டரியின் பிறப்பும் சுத்தமானதல்ல. உலகில் தோண்டும் கோபால்ட்டில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் காங்கோவிலிருந்து வருகிறது. அங்கே கையால் தோண்டும் குழிகளில் சிறுவர்களும் வேலை செய்கிறார்கள். சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில் லித்தியத்துக்காக நிலத்தடி உப்புநீரை இறைத்து ஆவியாக்குவது தண்ணீர்ச் சண்டையாகியிருக்கிறது. மாற்றுவழிகளும் வந்துகொண்டிருக்கின்றன. இரும்பும் பாஸ்பேட்டும் கொண்ட பேட்டரிக்குக் கோபால்ட்டும் வேண்டாம், நிக்கலும் வேண்டாம். உலகில் இப்போது விற்கும் புதிய மின்சார கார்களில் ஏறக்குறையப் பாதிக்கு அதுதான். இன்னொன்று: எரித்த பெட்ரோலை யாராலும் திரும்ப எடுக்க முடியாது. பழைய பேட்டரியிலிருந்து உலோகத்தை எடுக்க முடியும்.

நம்பிக்கை 4: நாலு வருடத்தில் பேட்டரி போய்விடும்

உண்மை: கைபேசிப் பேட்டரியை வைத்துக் கார் பேட்டரியை எடைபோடுவதால் வரும் பயம் இது. பல நிறுவனங்கள் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகின்றன. ஆயிரக்கணக்கான வண்டிகளை ஆராய்ந்த ஜியோடாப் நிறுவனத்தின் 2024 கணக்கில் சராசரித் தேய்மானம் ஆண்டுக்கு 1.8 சதவீதம். பேட்டரியின் உண்மையான பகை வெயில். தனிக் குளிரூட்டும் அமைப்பு இல்லாத முதல் தலைமுறை நிசான் லீஃப் கார்கள் அமெரிக்காவின் அரிசோனா வெயிலில் வேகமாகத் தளர்ந்தன. நம் ஊர் வெயிலுக்கும் அது பாடம்.

நம்பிக்கை 5: எல்லாரும் வாங்கினால் கரண்ட் தாங்காது

உண்மை: தினமும் 30 கிலோமீட்டர் ஓட்டுபவரின் காருக்குச் சுமார் 5 யூனிட் போதும். ஒன்றரை டன் ஏசி இரவு முழுக்க ஓடினால் அதற்குக் குறையாமல் இழுக்கும். நார்வேயில் 2024இல் விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஒன்பது மின்சார கார்கள்; அங்கே விளக்கு அணையவில்லை. எல்லாரும் மாலை ஏழு மணிக்கே சார்ஜ் போட்டால் தெரு டிரான்ஸ்ஃபார்மர் திணறும் என்பது மெய். பின்னிரவிலோ, சூரிய மின்சாரம் பொங்கும் நண்பகலிலோ போட்டால் அந்தச் சிக்கல் தீரும்.

நம்பிக்கை 6: இது பணக்கார நாடுகளின் விளையாட்டு

உண்மை: எத்தியோப்பியா 2024இல் பெட்ரோல், டீசல் கார்களின் இறக்குமதியையே தடைசெய்தது. 2015இல் எல்லை அடைபட்டு எரிபொருளுக்குத் தவித்த நேபாளத்தில், இன்று விற்கும் புதிய பயணிகள் கார்களில் பெரும்பகுதி மின்சாரத்தில் ஓடுபவை. இரண்டும் ஏழை நாடுகள். இரண்டுக்கும் எண்ணெய் வெளியிலிருந்துதான் வர வேண்டும்; ஆற்று நீரில் எடுக்கும் மின்சாரமோ சொந்தமாக உண்டு. அவர்களுக்கு இது அந்நியச் செலாவணிக் கணக்கு.

ஆக, மின்சார கார் தெய்வமும் அல்ல, பேயும் அல்ல. அதைக் குறையே இல்லாத ஏதோ ஒன்றோடு ஒப்பிட்டால் தோற்கும். இன்று நாம் ஓட்டும் பெட்ரோல் காரோடு ஒப்பிட்டால் வெல்லும். நிறையப் பேர் ஏறிய பேருந்தோடு ஒப்பிட்டால் மறுபடியும் தோற்கும். பேருந்தும் ரயிலும் இருக்கும் இடத்தில் அவற்றில் போங்கள். கார் வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், ஷோரூமில் வண்ணத்தைக் கேட்கும் முன் மூன்றைக் கேளுங்கள்: பேட்டரி எந்த வகை, அதைக் குளிர்விக்க என்ன ஏற்பாடு, உத்தரவாதம் எத்தனை ஆண்டு? பதிலை வாயால் அல்ல, எழுத்தில் வாங்குங்கள்.