கல்விக் குழுவில் புதிதாக அமர்வோருக்கு ஒன்பது சொல்



வயதுவந்தோர் கல்விக்கான குழுவில் உறுப்பினராகியிருக்கிறீர்கள். சிலர் மாவட்டக் குழுவில், சிலர் ஊராட்சி அளவில். தொண்ணூறுகளில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் வேலை செய்தவர்களில் நானும் ஒருவன். வகுப்பை எப்படி நடத்துவது என்று சொல்லித்தர நல்ல கருத்தாளர்கள் இருக்கிறார்கள். குழுவை எப்படி நடத்துவது என்று சொல்பவர்கள் குறைவு. ஆனால் ஒரு மையம் மூடப்படும்போது விசாரித்துப் பாருங்கள். பெரும்பாலும் குழு கூடாமல் போயிருக்கும், பணம் தேங்கியிருக்கும், பொறுப்பு யாருக்கென்றே தெரியாமல் இருந்திருக்கும். எனவே இந்த ஒன்பது சொல். அத்தனைக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்: இந்தக் குழு முதலில் பதில் சொல்ல வேண்டியது கற்போருக்கு.

1. குழு ஏன் இந்த வடிவில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

1978 அக்டோபர் 2 அன்று தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டம் தொடங்கியது. அது பெரிதும் அரசுத் துறை நடத்திய திட்டம். 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் வந்தது. அடுத்த ஆண்டு கேரளத்தின் எர்ணாகுளத்தில் மாவட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் எழுத்தறிவுப் பணியில் இறங்கினார்கள். 1990 பிப்ரவரி 4 அன்று அது முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு மாவட்டந்தோறும் ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட பதிவு பெற்ற சங்கங்கள் உருவாயின. ஒன்றிய அரசின் நிதி அந்தச் சங்கத்துக்கே நேராக வந்தது. ஆசிரியர், அறிவியல் இயக்கத்தார், மாதர் அமைப்பினர், அலுவலர் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். அரசின் பலமும் மக்களின் ஆர்வமும் சேர வேண்டும் என்பதற்காக அமைந்த வடிவம் அது. அலுவலர்கள் மட்டும் பேசி முடிக்கும் கூட்டமாக அதைச் சுருங்க விடாதீர்கள்.

2. கற்போரை மேசைக்கு அழைத்து வாருங்கள்.

கற்போரில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களில் சிலராவது குழுவில் உறுப்பினராக இருக்க வேண்டும்; பார்வையாளராக ஓரத்தில் உட்கார வைத்தால் போதாது. காலை பதினொரு மணிக்கு ஆட்சியர் அலுவலகத்தில் கூட்டம் வைத்தால் நூறு நாள் வேலைக்குப் போகிறவர் எப்படி வருவார்? மாலையில் கூடுங்கள். பேருந்துக் கட்டணத்தைக் கையில் கொடுங்கள். கூலி போனால் அதையும் ஈடுசெய்யத் தீர்மானம் போடுங்கள். 1991இல் புதுக்கோட்டையில் தொடங்கிய இயக்கத்தைப் பாருங்கள். அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்று பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டும் பயிற்சியை எழுத்தறிவோடு சேர்த்தார். ஊரைத் தாண்டிப் போக இன்னொருவர் தயவை எதிர்பார்த்திருந்த ஆயிரக்கணக்கான பெண்கள் தாமே மிதித்துப் போனார்கள். கல்குவாரியில் கூலிக்குக் கல் உடைத்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரியையே குத்தகைக்கு எடுத்தார்கள். பெண்களின் அன்றாட வாழ்க்கையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்குத்தான் இந்த யோசனைகள் தோன்றும்.

3. தலைவர் மாறுவார், வேலை நிற்கக் கூடாது.

ஆட்சியருக்கு மாறுதல் வரும். ஊராட்சித் தலைவரின் பதவிக்காலம் முடியும். தமிழ்நாட்டில் 2016 முதல் 2019 வரை ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே இல்லை. 2025 ஜனவரியில் 28 மாவட்டங்களில் மறுபடி தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். ஒருவர் ஆர்வத்தை மட்டும் நம்பி ஓடும் குழு அவர் போகும் நாளில் நின்றுவிடும். செயலாளர், பொருளாளர், ஒன்றிய ஒருங்கிணைப்பாளர் ஒவ்வொருவருக்கும் துணைக்கு ஒருவரை இன்றே பழக்குங்கள். புதிய தலைவர் வந்ததும் முதல் வாரத்திலேயே ஒரு மாலை வகுப்புக்கு அழைத்துப் போங்கள். கோப்பு சொல்லாததை அந்த இரண்டு மணி நேரம் சொல்லிவிடும்.

4. தீர்மானத்தை முழுமையாக எழுதுங்கள்.

“ஆவன செய்வதெனத் தீர்மானிக்கப்பட்டது” என்ற வரியை ஏற்காதீர்கள். யார் செய்வார், எந்தத் தேதிக்குள், எவ்வளவு செலவில் என்ற மூன்றும் இருந்தால்தான் அது தீர்மானம். அடுத்த கூட்டத்தின் முதல் பொருள் முந்தைய தீர்மானங்களின் நிலை. கோரம் (முடிவெடுக்கத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் வருகை) இல்லாத நாளில் கூடிப் பேசலாம். பணம் பற்றி முடிவெடுக்கக் கூடாது.

5. பணத்தை வெளிச்சத்தில் வையுங்கள்.

இரண்டு கையெழுத்து இல்லாமல் காசோலை போகக் கூடாது. ரொக்கப் புத்தகத்தை அன்றன்றே எழுதுங்கள். ரசீது இல்லாத செலவை யார் செய்திருந்தாலும் நிறுத்தி வையுங்கள். இப்போதைய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022 முதல் 2027 வரைக்கானது. செலவில் நூற்றுக்கு 60 பங்கு ஒன்றிய அரசு, 40 பங்கு மாநில அரசு. இரண்டு கை சேர்ந்து தரும் பணம் தாமதமாகவும் வரும். தாமதமாக வந்ததை மார்ச் மாதக் கடைசியில் பதாகைக்கும் விழாவுக்கும் கொட்டித் தீர்க்கும் அவசரம் எல்லாக் குழுவுக்கும் வரும். அதைத் தடுக்க ஆண்டுத் தொடக்கத்திலேயே முன்னுரிமைப் பட்டியலை எழுதிவிடுங்கள்: முதலில் நோட்டு, பென்சில், விளக்கு, அடுத்து பயிற்சி, விழா கடைசியில். கணக்கைக் கிராம சபையில் வாசியுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு வாய்ப்பு இருக்கிறது. வாங்கிய நோட்டுகள் எத்தனை, எந்த மையத்துக்கு எத்தனை போயின என்று ஊர் முன்னால் படித்தால், வராத நோட்டைப் பற்றி அங்கேயே ஒருவர் எழுந்து சொல்வார்.

6. உண்மையான எண்ணை எழுதத் துணியுங்கள்.

குழுவுக்கு வரும் மிகப் பெரிய சோதனை இதுதான். மேலே இருப்பவர்கள் எண் கேட்பார்கள்; கீழே இருப்பவர்கள் கேட்ட எண்ணைக் கொடுப்பார்கள். புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் அடிப்படை எழுத்தறிவுத் தேர்வு 150 மதிப்பெண்ணுக்கு நடக்கிறது. வாசிப்பு, எழுத்து, கணக்கு ஒவ்வொன்றுக்கும் 50. பாட்டிக்காகப் பேத்தி எழுதிய தாளும் விடைத்தாள் கட்டில் வரலாம். ஆகவே ஒவ்வோர் உறுப்பினரும் ஒரு மையத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு முறை போய் உட்காருங்கள். பேருந்துப் பலகையை, ரேஷன் ரசீதை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். இடைநின்றவர்களின் பட்டியலையும் காரணத்தையும் கூட்டத்தில் வையுங்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு, ஆண்கள் 86.77, பெண்கள் 73.44. நால்வரில் ஒருத்திக்கு மேல் வெளியே நின்றாள். நாம் பொய்யாகச் சேர்க்கும் ஒவ்வொரு பெயரும், உண்மையில் எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தியை இனி யாரும் தேடிப் போகாமல் செய்துவிடும்.

7. தொண்டரைக் காப்பாற்றுங்கள்.

பத்துப் பேரை முன்னால் உட்கார வைத்து, சம்பளமில்லாமல், பகல் வேலை முடிந்து வந்து சொல்லிக்கொடுப்பவர் தொண்டர். அவருக்கு அலுவலக வேலை கொடுக்காதீர்கள். வேலை கிடைக்கும் என்று ஆசை காட்டாதீர்கள். 2009 செப்டம்பர் 8 அன்று தொடங்கிய சாக்‌ஷர் பாரத் திட்டத்தில் ஊராட்சி மையப் பொறுப்பாளருக்கு மாதம் 2,000 ரூபாய் மதிப்பூதியம் இருந்தது. 2018 மார்ச்சில் திட்டம் முடிந்தபோது அதுவும் முடிந்தது. காசு தர முடியாத இடத்தில் மதிப்பையாவது குறைவில்லாமல் தர வேண்டும். பயிற்சிக்கு வந்தவருக்குச் சாப்பாடும் பயணச் செலவும் அன்றே கொடுங்கள். அவர் எழுதிய கடிதத்துக்குக் குழுவிலிருந்து பதில் போக வேண்டும்.

8. மூன்று புத்தகம் முடிந்ததும் கையை விடாதீர்கள்.

அறிவொளியில் மூன்று பாட நூல்கள். ஏறத்தாழ 200 மணி நேரப் படிப்பு. அதற்குப் பிறகு வாசிக்க ஒன்றும் கிடைக்காதவருக்கு எழுத்து மறந்துபோகும். பிற்பாடு வளர்கல்வி மையங்கள் வந்ததும் இதற்காகத்தான். தொடர்கல்விக்கான பணத்தையும் ஆளையும் முதல் ஆண்டுத் திட்டத்திலேயே ஒதுக்குங்கள். அருகிலுள்ள கிளை நூலகரைக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரிய எழுத்தில் அச்சிட்ட சிறு நூல்கள், மையத்துச் சுவரில் தினசரித் தாள், மாதம் ஒரு வாசிப்புக் கூட்டம் என்று சிறிதாகத் தொடங்குங்கள்.

9. கற்றவர் கேள்வி கேட்பார்; அவர் பக்கம் நில்லுங்கள்.

ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்தில் தூபகுண்டா என்ற ஊர். எழுத்தறிவு வகுப்பில் சாராயத்தை எதிர்த்த பெண்ணைப் பற்றிய ஒரு பாடத்தைப் படித்த பெண்கள் தங்கள் ஊர்ச் சாராயக் கடையை மூட வைத்தார்கள். போராட்டம் மாவட்டம் கடந்து பரவியது. 1993 அக்டோபர் 1 முதல் மாநிலத்தில் சாராயம் தடை செய்யப்பட்டது. படிப்பு தன் வேலையைச் செய்தால் இப்படித்தான் நடக்கும். உங்கள் ஊரிலும் கேள்வி வரும்: கூலி ஏன் குறைந்தது, பட்டா ஏன் வரவில்லை, குடிநீர்த் தொட்டி எங்கே என்று. சிலருக்கு அது பிடிக்காது. குழுவின் மீது அழுத்தம் வரும். அப்போது கற்றவரைத் தனியே விட்டுவிடாதீர்கள். முதல் கேள்வி நம் குழுவின் கணக்கைப் பற்றியதாகவே இருக்கலாம். கோபப்படாமல் ரொக்கப் புத்தகத்தை எடுத்து அவர் முன்னால் வையுங்கள். அவர் அதை வாசித்துக் கணக்கு கேட்கட்டும். அதற்காகத்தானே நாம் கூடினோம்.